வீட்டுலயே பீர் காய்ச்சலாமா? சட்டம் சொல்றது இதுதான்!

காபி, சாக்லேட் வாசனையோடு 'ஸ்டவுட்' எனும் கருப்பு பீரை வீட்டிலேயே தயாரிக்கும் கிட், வெளிநாடுகளில் சகஜம். பிரிட்டனில் 1963 முதல், சொந்தமாகக் குடிக்க பீர் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை.

அதைப் பார்த்து ஸ்ரீரங்கத்திலோ தில்லைநகரிலோ ஒரு வாளி போட்டுப் பார்க்கலாமா? கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதே குற்றம். 'விக்கலையே, நாலு பாட்டில்தானே' என்பதெல்லாம் எடுபடாது. தயாரிப்பதற்கான பொருள், பாத்திரம் வைத்திருந்தாலே சிக்கல்தான். கள்ளக்குறிச்சி விஷச்சாராய மரணங்களுக்குப் பிறகு, 2024-ல் இந்தச் சட்டத்தின் தண்டனைகள் இன்னும் கடுமையாகிவிட்டன.

சட்டம் ஒருபக்கம்னா, திருச்சி வெயில் இன்னொரு பக்கம். ஸ்டவுட் ஈஸ்ட்டுக்கு 20 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தால்தான் நல்லா புளிக்கும். மே மாசச் சூட்டில் புளித்தால் பெயின்ட் தின்னர் வாடைதான் மிச்சம்.