பழைய மட்டைக்குப் பேரீச்சம்பழம்!

'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்ம்ம்...' இந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் இந்த வாரம் நான் சொல்லப்போகும் விஷயத்தில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அந்தப் பேரீச்சம்பழக்காரர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஓட்டை அண்டாவுக்கு இன்ன விலை என்று வாயைத் திறந்து சொல்லமாட்டார். காசும் தரமாட்டார். பழத்தைத்தான் அள்ளிப் போடுவார். அண்டாவின் விலையும் நமக்குத் தெரியாது, பழத்தின் விலையும் தெரியாது. 'என்னப்பா இவ்வளவுதானா?' என்று குரலை உயர்த்தினால் இன்னும் நாலு பழம் விழும். அம்மாவுக்கு ஜெயித்துவிட்ட திருப்தி. அவரோ, தான் ஜெயித்ததைக் காட்டிக்கொள்ளாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்!

இதே வியாபாரம் அமெரிக்காவில் ஏ.ஸி. போட்ட கடைகளுக்குள் கோடிக்கணக்கில் நடக்கிறது. அண்டாவுக்குப் பதில் கோல்ஃப் மட்டை. 'டிரேட்-இன்' என்று பெயர். பழைய மட்டையைக் கடையில் கொடுத்துவிட்டு, அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டு புது மட்டை வாங்குவது ஒரு வழி. நீங்களே ஓர் ஆளைத் தேடிப் பிடித்து நேரடியாக விற்பது இன்னொரு வழி. எது லாபம்?

'கோல்ஃப் பணக்காரர்கள் சமாசாரம், நமக்கெதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் பழைய பைக்கை, செல்போனை, ஃபிரிட்ஜை ஒருநாள் யாரிடமாவது கொடுக்கத்தானே போகிறீர்கள்?

கதையை 1900-களின் தொடக்கத்திலிருந்து ஆரம்பிப்போம். பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் புரூக்லைன். அங்கே 'தி கன்ட்ரி கிளப்' என்ற பெரிய மனிதர்களின் கோல்ஃப் மைதானம். அதற்கு எதிர் வீட்டில், ஒரு தோட்டக்காரரின் குடும்பம். அந்த வீட்டுப் பையன் பிரான்சிஸ் விமெட், மைதானத்தின் குறுக்கே நடந்துதான் பள்ளிக்கூடம் போவான். வழியில் புல்லுக்குள் தொலைந்துபோன பந்துகள் கிடைக்கும். பொறுக்கிச் சேர்த்துக்கொள்வான். அண்ணன் அதே மைதானத்தில் கேடி. (கேடி என்றதும் போலீஸ் ஸ்டேஷன் போட்டோ ஞாபகத்துக்கு வரவேண்டாம். ஆடுபவருக்கு மட்டைப் பையைச் சுமக்கும் பையனுக்கு அதுதான் பெயர்!)

பந்து நிறையச் சேர்ந்துவிட்டது. அடிக்க மட்டை இல்லை. மட்டை வாங்கக் காசும் இல்லை. என்ன செய்வது? பாஸ்டனில் 'ரைட் அண்ட் டிட்சன்' என்ற விளையாட்டுச் சாமான் கடை. பொறுக்கிய பந்துகளை அங்கே கொடுத்து, பதிலுக்கு ஒரு மட்டையை வாங்கி வந்தார்கள். பையன் வீட்டுக் கொல்லையில் குழி தோண்டி ஆட ஆரம்பித்தான்.

1913 செப்டம்பர். அதே எதிர் வீட்டு மைதானத்தில் அமெரிக்க ஓப்பன் போட்டி. இங்கிலாந்திலிருந்து ஹாரி வார்டன், டெட் ரே என்ற இரண்டு ஜாம்பவான்கள் வந்திருந்தார்கள். கோப்பை அவர்களில் ஒருவருக்குத்தான் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். கடைசியில் மூன்று பேர் சமநிலையில் நின்றார்கள். மூன்றாவது ஆள், 20 வயது விமெட்! மட்டைப் பை சுமந்தது எட்டி லவ்ரி என்ற 10 வயதுப் பொடியன். மறுநாள் டை-பிரேக்கரில் விமெட் 72, வார்டன் 77, ரே 78. (கோல்ஃபில் குறைவாக அடித்தவர்தான் ஜெயித்தவர்.) ஜாம்பவான்கள் காலி. கோல்ஃப் என்பது எஜமானர்களின் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்த அமெரிக்கா, அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தது.

பந்துக்கு மட்டை என்ற அந்தச் சின்னப் பண்டமாற்றில் ஏமாந்தவர் யாரும் இல்லை. கடைக்காரருக்கு விற்கக்கூடிய பந்து, பையனுக்கு மட்டை. இரண்டு பக்கமும் எதை விட்டு எதை வாங்குகிறோம் என்று தெரிந்து செய்த வியாபாரம். இதை மனசில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து மட்டைகளின் தண்டு மரம். ஹிக்கரி என்ற உறுதியான மரம். ஒரு மட்டை கைக்குப் பழகிவிட்டால் ஆட்டக்காரர் அதை லேசில் விடமாட்டார். அப்புறம் இரும்புத் தண்டு வந்தது. 1924-ல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதை அனுமதித்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பெரியவர்கள் 1929-ல்தான் தலையாட்டினார்கள். 1930-ல் பாபி ஜோன்ஸ் ஒரே வருடத்தில் நாலு பெரிய பட்டங்களை ஜெயித்தது ஹிக்கரி மட்டைகளால்தான். ஆனால், 1931-ல் பில்லி பர்க் இரும்புத் தண்டோடு அமெரிக்க ஓப்பனை ஜெயித்தார். அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான வீடுகளில் ஹிக்கரி மட்டைகள் பரணுக்குப் போயின.

இதுவரை மட்டை பழசானதற்கு ஒரு நியாயம் இருந்தது. நிஜமாகவே அதைவிட நல்லது வந்தது. 'நல்லது வந்தால்தான் பழசாக வேண்டுமா? நாமே பழசாக்கினால் என்ன?' என்ற யோசனை வந்தது வேறொரு தொழிலில்.

ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன். 1920-களில் அவர் கார் சந்தையைக் கவனித்தார். ஹென்றி ஃபோர்டு ஒரே மாடலை வருஷக்கணக்காக விற்றுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கார் வைத்திருப்பவனுக்கு அடுத்த காரை எப்படி விற்பது என்பதுதான் ஸ்லோனின் கவலை. கார் சந்தையையே மாற்றியவை என்று பிற்பாடு தன் புத்தகத்தில் அவர் நாலு விஷயங்களைச் சொன்னார். தவணை முறை, பழைய காரை வாங்கிக்கொள்வது, கூரை போட்டு மூடிய கார், வருஷா வருஷம் புது மாடல். இதில் இரண்டாவதும் நாலாவதும் சேர்ந்தால் என்ன ஆகும்? புது மாடல் வந்ததும் உங்கள் கார் 'போன வருஷத்து' கார் ஆகிவிடும். அந்தப் போன வருஷத்துக் காரே அடுத்த காருக்கு முன்பணமும் ஆகிவிடும். எப்படி இருக்கிறது யோசனை?

இந்த யோசனை கோல்ஃபுக்குள் முழு வேகத்தில் நுழைந்ததற்கு முக்கியமான காரணம், எலி காலவே என்ற ஜார்ஜியாக்காரர். முதலில் ஜவுளிக் கம்பெனித் தலைவர், அப்புறம் ஒயின் தயாரிப்பாளர். 1982-ல் ஒரு குட்டி கோல்ஃப் கம்பெனிக்குள் நுழைந்தார். அந்தக் கம்பெனி என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? ஹிக்கரி மட்டை! பழமை விரும்பிகளுக்காக.

அதே காலவே 1991-ல் 'பிக் பெர்த்தா' என்ற டிரைவரை (தூரமாக அடிப்பதற்கான பெரிய தலை மட்டை) இறக்கினார். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் வைத்திருந்த ராட்சத பீரங்கியின் பெயர் அது. சரியாக அடிக்கத் தெரியாதவன் அடித்தாலும் பந்து ஓரளவு நேராகப் போனது. ஆட்டக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 1995-ல் டைட்டானியத் தலையோடு 'கிரேட் பிக் பெர்த்தா'. விலை சுமார் 500 டாலர். போட்டிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? புது மாடல்கள் வரிசைகட்டின.

சரி, பழைய மட்டையை என்ன செய்வது? 2004-ல் காலவே கம்பெனி, பழைய மட்டைகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தையே விலைக்கு வாங்கிப் போட்டது. புது மட்டை விற்பவரே பேரீச்சம்பழக் கூடையையும் தூக்கிக்கொண்டார்!

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, உங்கள் பழைய டிரைவரைத் தெரிந்த ஒருவரிடம் நேரடியாக 150 டாலருக்கு விற்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் 90 தான் தருவார்கள். அநியாயம் என்று கோபப்படாதீர்கள். கடைக்காரர் அதைத் துடைக்க வேண்டும், பிடியை மாற்ற வேண்டும், விற்கும்வரை அலமாரியில் வைத்திருக்க வேண்டும். அதற்குள் புது மாடல் வந்துவிட்டால் விலை இன்னும் விழும். அந்த பயத்துக்கும் சேர்த்துத்தான் கழிக்கிறார்.

நேரடியாக விற்றால் அந்த 60 டாலர் உங்களுக்கு. ஆனால், நீங்கள்தான் ஆள் தேட வேண்டும். வருபவர் 'உள்ளே விரிசல் இருக்குமோ, போலியோ?' என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். (போலி மட்டைகள் இந்தச் சந்தையின் தீராத தலைவலி.) அவர் சந்தேகப்படுவதிலும் தப்பில்லை. ஜார்ஜ் ஆகர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் 1970-ல் எழுதிய கட்டுரை இதைப் பற்றித்தான். அமெரிக்காவில் சொத்தைக் காரை 'எலுமிச்சம்பழம்' என்பார்கள். விற்பவனுக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாக் காரையும் சொத்தை என்று நினைத்தே விலை கேட்பான். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவன் விற்கமாட்டான். கடைசியில் சந்தையில் சொத்தைதான் மிஞ்சும். மூன்று பத்திரிகைகள் நிராகரித்த கட்டுரை இது. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது!

கடைக்காரர் கழித்துக்கொள்ளும் பணம் இந்தச் சந்தேகத்தைத் தன் தலையில் வாங்கிக்கொள்வதற்கான கூலியும்கூட. அதுவரை நியாயம். எங்கே இடிக்கிறது என்றால், பேரீச்சம்பழத்தில். '90 என்ன சார், உங்களுக்காக 120 போட்டுக்கறேன்' என்பார். அந்த 30 டாலர் புது மட்டையின் லாபத்திலிருந்துதான் வருகிறது. அதைப் புது மட்டையின் விலையில் நீங்களே பேரம் பேசிக் குறைத்திருக்கலாம்.

இன்னொரு ரகசியம். டிரைவரின் முகம் எவ்வளவு ஸ்பிரிங் மாதிரி துள்ளலாம் என்பதற்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1998-லேயே கடிவாளம் போட்டது. 2008-ல் அது உலகம் முழுவதற்கும் பொது விதியாகிவிட்டது. தலையின் அளவும் 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆக, முகத்தின் துள்ளலில் அதற்கப்புறம் பெரிய பாய்ச்சலுக்கு வழி இல்லை. மற்ற விஷயங்களில் கொஞ்சம் கொஞ்சம் முன்னேற்றம் உண்டுதான். ஆனால், மட்டையின் விலை விழுந்த வேகத்துக்கும் அதன் திறமை பழசான வேகத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது. கம்பெனிகளோ மாடல்களை அடுக்கிக்கொண்டே போயின. 2014-ல் அமெரிக்கக் கடைகளில் விற்காத மட்டைகள் மலையாகக் குவிந்தன. டிக்ஸ் என்ற பெரிய விளையாட்டுக் கடைக் குழுமம், தன்னிடம் வேலை பார்த்த நூற்றுக்கணக்கான கோல்ஃப் நிபுணர்களை வீட்டுக்கு அனுப்பியது. வேகமாகப் பழசாக்கியவர்களையே அந்த வேகம் கடித்தது.

பழசு என்றால் மட்டம்தானா? 2010 ஜனவரியில் நடந்த கூத்தைக் கேளுங்கள். மட்டை முகத்தில் இருக்கும் பள்ளக் கோடுகள் பந்தைச் சுழலவைக்கும். அந்த வருடம் முதல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஆழமான கோடுகள் கூடாது என்று விதி வந்தது. பில் மிக்கல்சன் சத்தமில்லாமல் 20 வருடத்துக்கு முந்தைய 'பிங் ஐ-2' வெட்ஜ் ஒன்றை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். கோடுகள் பழைய பாணி. ஆனால், செல்லும்! காரணம், பிங் நிறுவனர் கார்ஸ்டன் சோல்ஹைம் அதே கோடுகளுக்காகச் சங்கத்தோடு கோர்ட்டுக்குப் போய், 1990-ல் சமரசம் ஆகியிருந்தது. அதன்படி 1990 ஏப்ரலுக்கு முன் தயாரான ஐ-2 மட்டைகளுக்கு ஆயுசு முழுக்க அனுமதி. பரணில் தூங்கிய மட்டைக்குத் திடீர் மவுசு! அந்த மார்ச்சில் பிங் கம்பெனியே தன் உரிமையை விட்டுக்கொடுக்க, அமெரிக்கப் போட்டிகளில் கூத்து முடிந்தது. இதற்குக் கொஞ்ச நாள் முன்னால் தன் ஐ-2 செட்டைக் கடையில் தள்ளிவிட்டு வந்தவரை நினைத்துப் பாருங்கள்.

பென் ஹோகன் கதை இதைவிட உருக்கம். 1949-ல் பஸ் மோதி உருக்குலைந்த மனிதர், 1950-ல் அமெரிக்க ஓப்பனின் கடைசிக் குழியில் 1-ஐயன் மட்டையால் அடித்த அடி, கோல்ஃபின் புகழ்பெற்ற புகைப்படமாக நிற்கிறது. மறுநாள் டை-பிரேக்கரில் அவர்தான் ஜெயித்தார். ஆனால், அந்த மட்டையை யாரோ திருடிவிட்டார்கள். 30 வருடங்களுக்கு மேல் தகவலே இல்லை. 1980-களில், பழைய மட்டைகளைச் சேகரிக்கும் ஒருவர் வாங்கிய செட்டில் ஒரு மட்டை மட்டும் ஜோடி சேராமல் நின்றது. முகத்தின் நட்டநடுவில் ஒரு காசு அளவுக்குத் தேய்மானம். திரும்பத் திரும்ப அதே புள்ளியில் பந்தை அடிக்க எத்தனை பேரால் முடியும்? அவருக்குப் பொறி தட்டியது. மட்டை ஹோகனிடமே போனது. தன்னுடையதுதான் என்றார். இன்று அது அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடையில் எத்தனை கை மாறியதோ! அத்தனை பேருக்கும் அது வெறும் பழைய இரும்பு.

கடைசியாக ஒன்று. டைகர் வுட்ஸ் 2000, 2001-ல் தொடர்ந்து நாலு பெரிய பட்டங்களை வென்றபோது ஆடியவை என்று ஒரு ஐயன் செட் 2010-ல் ஏலத்துக்கு வந்தது. நிஜமானவைதான் என்று நிரூபிக்க, விற்றவர் உண்மை கண்டறியும் கருவியின் முன்னால்கூட உட்கார்ந்தார். 57 ஆயிரம் டாலருக்குப் போனது. 2022-ல் அதே செட் மறுபடி ஏலம். விலை, 51 லட்சம் டாலருக்கும் மேல்! இரும்பு அதே இரும்பு. கூடியது நம்பிக்கையும் கதையும்தான்.

உங்களிடம் இருப்பது டைகரின் மட்டை இல்லை, சரி. சாதாரண மட்டை, சாதாரண பைக். ஆள் தேட நேரமில்லை என்றால் கடையிலேயே கொடுங்கள், தப்பே இல்லை. ஆனால், மூன்று காரியம் செய்யுங்கள். பழசுக்கு வெளியே என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். புதுசின் விலையைத் தனியாகப் பேசி முடியுங்கள். அதற்கப்புறம்தான் 'ஒரு பழசு இருக்கு' என்று வாயைத் திறக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் கணக்கு கடைக்காரர் கையில்.

பந்தைக் கொடுத்து மட்டை வாங்கிய எதிர் வீட்டுப் பையன் ஏமாறவில்லை. காரணம், தான் கொடுப்பது என்ன என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அம்மாவும் அன்றைக்கு அண்டாவை ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும்... அந்தப் பேரீச்சம்பழம் இனிப்பாகத்தான் இருந்தது!