வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா? லைசென்சு வாங்குவது எப்படி? திருடனை சுட்டால் என்ன ஆகும்?

ஸ்ரீபெரும்புதூர்,

2021-ம் ஆண்டு அக்டோபர் மாதம். ஸ்ரீபெரும்புதூர் அருகே பென்னலூர் டோல்கேட் பக்கம் ஒரு பெண்ணிடம் 2 பேர் செயினை பறித்துக்கொண்டு ஓடினார்கள். பொதுமக்கள் விரட்டினார்கள். வழக்கமாக இந்த மாதிரி ஆசாமிகள் கத்தியை காட்டுவார்கள். இவர்கள் துப்பாக்கியை எடுத்து வானத்தை நோக்கி சுட்டார்கள். கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. ஏரிப்பக்கம் புதருக்குள் பதுங்கியவர்களை போலீசார் டிரோன் பறக்கவிட்டு தேடினார்கள். மறுநாள் ஒருவன் போலீஸ் என்கவுண்டரில் செத்தான், இன்னொருவன் பிடிபட்டான். 2 பேரும் ஜார்கண்டை சேர்ந்தவர்கள்.

(அதற்காக இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் வேலை செய்கிற வடமாநில தொழிலாளர்களை எல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது தப்பு. அவர்கள் ஒரு நாள் வராவிட்டால் பல கம்பெனியில் லைன் ஓடாது.)

"நாமளும் வீட்ல ஒண்ணு வெச்சுக்கிட்டா என்ன?" என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் இந்த பக்கம் நிறைய. ஊருக்கு வெளியே மனை வாங்கி தனியாக வீடு கட்டியவர்கள், கம்பெனி ஸ்கிராப் எடுக்கிறவர்கள், லேபர் கான்டிராக்ட் நடத்துகிறவர்கள், மாதம் பிறந்தால் வாடகை பணத்தை கையில் எண்ணுகிற வீட்டுக்காரர்கள் என்று பயப்பட ஆள் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. அவர்களுக்காக சட்டம் சொல்வதை விசாரித்து தருகிறோம்.

பயம் புதுசு இல்லை

நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளுக்கு இந்த பயம் 20 வருடத்துக்கு முன்பே வந்தது. லாரியில் வந்து இறங்கி, ராத்திரி வீடு புகுந்து, இரும்பு ராடால் அடித்தும் துப்பாக்கியால் சுட்டும் கொள்ளையடித்த பவாரியா கும்பலை மறந்திருக்க மாட்டீர்கள். 2005-ம் ஆண்டு ஜனவரி 9-ந்தேதி பெரியபாளையம் அருகே தானாகுளத்தில் கும்மிடிப்பூண்டி அ.தி.மு.க. எம்.எல்.ஏ. சுதர்சனத்தை அவர் வீட்டிலேயே சுட்டுக்கொன்றது இந்த கும்பல்தான். தனிப்படை வடமாநிலங்களுக்கு போய் ஆட்களை பிடித்தது. "தீரன் அதிகாரம் ஒன்று" படம் இதை வைத்து வந்ததுதான். 20 வருடம் கழித்து 2025 நவம்பரில்தான் சென்னை கோர்ட்டு இந்த வழக்கில் 3 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

எனவே பயப்படுகிறவர்களை கேலி செய்ய முடியாது. ஆனால் பயத்துக்கு துப்பாக்கி மருந்தா என்பது வேறு கேள்வி.

யாரிடம் மனு கொடுக்கணும்?

1959-ம் ஆண்டு ஆயுத சட்டப்படி லைசென்சு இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது. மாவட்டத்தில் லைசென்சு தருபவர் கலெக்டர். போலீஸ் கமிஷனர் எல்லை என்றால் கமிஷனர். 2022-ல் தாம்பரம், ஆவடி கமிஷனர் அலுவலகங்கள் வந்த பிறகு எல்லை மாறியிருக்கிறது. உங்கள் வீடு எந்த ஸ்டேஷனில் வருகிறது, அந்த ஸ்டேஷன் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காஞ்சீபுரத்துக்கும் தாம்பரத்துக்கும் அலைய வேண்டியதுதான்.

மனுதாரருக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். அடிதடி, கொலை முயற்சி மாதிரி வழக்கில் தண்டனை வாங்கி, வெளியே வந்து 5 வருடம் ஆகாதவருக்கு கிடையாது. நன்னடத்தை பத்திரம் எழுதிக்கொடுத்தவருக்கு அந்த காலம் முடிகிற வரை கிடையாது. மனநிலை சரியில்லாதவருக்கும் கிடையாது. ஆதார், முகவரி சான்று, போட்டோ ஆகியவற்றோடு உடல்நிலை, மனநிலை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சான்றிதழ் வேண்டும். 2016-ல் வந்த புதிய விதிகளின்படி துப்பாக்கியை கையாள பயிற்சி எடுத்த சான்றிதழும் வேண்டும். வீட்டில் பத்திரமாக பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழியும் எழுதித்தர வேண்டும். இந்த உறுதிமொழியை கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

மனு போலீஸ் விசாரணைக்கு போகும். போலீசார் 30 நாளில் அறிக்கை தர வேண்டும், அது வந்து 60 நாளில் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. காகிதத்தில் இருக்கிற கணக்கு இது. நேரில் அதைவிட அதிகமாகவே நடக்க வேண்டியிருக்கும்.

"எனக்கு பயமா இருக்கு" என்று மட்டும் எழுதினால் போதாது. யாரால் மிரட்டல், ஏற்கனவே போலீசில் புகார் கொடுத்தீர்களா, எப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று கேட்பார்கள். லைசென்சு என்பது கேட்டால் கிடைக்கிற உரிமை இல்லை, அரசு தருகிற சலுகை என்று பல கோர்ட்டுகள் சொல்லியிருக்கின்றன. மறுத்தால் 30 நாளில் அப்பீல் போகலாம்.

கிடைத்தால் 5 வருடத்துக்கு செல்லும். முன்பு 3 வருடமாக இருந்ததை 2019-ல் மாற்றினார்கள். அதே திருத்தத்தில்தான் ஒருவர் 3 துப்பாக்கி வைக்கலாம் என்று இருந்ததை 2 ஆக குறைத்தார்கள். லைசென்சு விவரம் மத்திய அரசின் கம்ப்யூட்டரில் ஏறி உங்களுக்கு தனி எண் வரும். அந்த எண் இல்லாத பழைய லைசென்சு இப்போது செல்லாது.

எத்தனை பேரிடம் இருக்கிறது தெரியுமா? 2016-ம் ஆண்டு முடிவில் மத்திய உள்துறை கணக்குப்படி நாடு முழுக்க 33.69 லட்சம் லைசென்சு. உத்தரபிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். நம் தமிழ்நாட்டில் 22 ஆயிரத்து சொச்சம்தான். இங்கே கொடுப்பதில் கை இறுக்கம்தான். அதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்றே தோன்றுகிறது.

என்ன துப்பாக்கி கிடைக்கும்?

சினிமாவில் வருகிற 9 எம்.எம். பிஸ்டல் பொதுமக்களுக்கு கிடையாது, தடை செய்யப்பட்ட ரகம். .32 ரிவால்வர், .32 பிஸ்டல், 12 போர் இரட்டைக்குழல் மாதிரியானவைதான். குழல் 20 அங்குலத்துக்கு குறையாத 12 போர் ரகத்தை தற்காப்புக்கு கேட்டால், மறுக்க வேறு காரணம் இல்லாதபோது கொடுக்கலாம் என்பது சட்டத்தின் போக்கு. கைத்துப்பாக்கிக்கு அதிகாரி தனியாக திருப்தி அடைய வேண்டும். இடுப்பில் செருகுவதைவிட, தோளில் மாட்டுகிற நீளத் துப்பாக்கிதான் சட்டத்துக்கு பிடித்தது.

ஏர்கன்? .177 அளவுக்கு மேலோ, 20 ஜூல் ஆற்றலுக்கு மேலோ போனால் அதற்கும் லைசென்சு வேண்டும். அதற்கு கீழே உள்ளதை அடையாள அட்டை காட்டி கடையில் வாங்கலாம். ஆனால் அதை வைத்து கொள்ளைக்காரனை விரட்டலாம் என்று நினைத்தால், அவன் கையில் நிஜ துப்பாக்கி இருந்தால் கதை முடிந்தது.

தலையணைக்கு கீழே வைக்கலாமா?

விஷயமே இங்குதான் இருக்கிறது. தற்காப்புக்கு என்று வாங்குகிறவர் கைக்கு எட்டுகிற இடத்தில் குண்டு போட்டு வைக்கத்தான் ஆசைப்படுவார். சட்டமோ பூட்டி வை என்கிறது. பூட்டி வைத்தால் ராத்திரி 2 மணிக்கு கதவு உடைகிற நேரத்தில் சாவி தேடி, துப்பாக்கி எடுத்து, குண்டு போட வேண்டும். தலையணைக்கு கீழே வைத்தால் குழந்தை எடுக்கும், குடித்துவிட்டு வந்த மச்சான் எடுக்கும். லைசென்சு நிபந்தனையை மீறியதாக 6 மாதம் வரை ஜெயில் அல்லது அபராதம் என்று வழக்கும் வரும், லைசென்சும் போகும்.

நம்ம ஏரியாவுக்கு இன்னொரு சிக்கல். லைசென்சு வீட்டுக்கு கொடுப்பதில்லை, ஆளுக்குத்தான். வீட்டுக்காரர் நைட் ஷிப்டுக்கு கம்பெனி பஸ் ஏறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும். லைசென்சில் பெயர் இல்லாத மனைவி அந்த துப்பாக்கியை கையில் வைத்திருக்க சட்டத்தில் இடம் இல்லை. பீரோ சாவியை கொடுத்துவிட்டு போனால் கொடுத்தவருக்கும் வம்பு. உயிர் போகிற நேரத்தில் எடுத்தேன் என்று கோர்ட்டில் வாதாடலாம்தான். ஆனால் பயிற்சி இல்லாத கை, இருட்டு, பக்கத்தில் பிள்ளைகள். 3 ஷிப்டு ஓடுகிற ஊரில், துப்பாக்கி தேவைப்படுகிற நேரத்தில் அதன் சொந்தக்காரர் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார்.

வீட்டில் வைத்தாலும் ஆபத்து வீட்டுக்கு வரும் என்று சொல்ல முடியாது. 2023 ஏப்ரல் 27-ந்தேதி வளர்புரம் ஊராட்சி தலைவர் பி.பி.ஜி.டி.சங்கரை கொன்றவர்கள் வீட்டுக்கு வரவில்லை. நசரத்பேட்டை அருகே நெடுஞ்சாலையில் காரில் வந்தபோது நாட்டு வெடிகுண்டு வீசி, இறங்கி ஓடியவரை விரட்டி வெட்டினார்கள்.

திருடனை சுட்டால்?

தற்காப்பு உரிமை சட்டத்தில் உண்டு. முன்பு இந்திய தண்டனை சட்டம் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1-ல் இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. உயிர் போகும், பெரிய காயம் படும், பலாத்காரம், கடத்தல், ஆசிட் வீச்சு மாதிரி பயம் இருந்தால் எதிராளி செத்தாலும் குற்றம் ஆகாது. சொத்து விஷயத்தில் வழிப்பறி கொள்ளை, ராத்திரியில் வீட்டை உடைத்து புகுவது, வீட்டுக்கு தீ வைப்பது ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

ஆனால் தேவைக்கு மேல் செய்யக்கூடாது. போலீசுக்கு சொல்ல நேரம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. காம்பவுண்டு சுவர் ஏறி ஓடுகிறவனை முதுகில் சுட்டால் தற்காப்பு என்று சொல்ல முடியாது. பகலில் கேபிள் திருட வந்தவனை சுட்டால் நீங்கள்தான் குற்றவாளி. தற்காப்புக்குத்தான் சுட்டேன் என்று காட்டும் பொறுப்பும் சுட்டவர் தலையில்தான்.

நியாயமாக சுட்டவருக்கும் என்ன நடக்கும் என்பதற்கு பஞ்சாபில் தர்சன் சிங் என்பவர் வழக்கு இருக்கிறது. 1991-ல் நிலத்தகராறில் தன் தந்தையை ஆயுதத்தால் தாக்கியவரை சுட்டார். கீழ்கோர்ட்டு விடுதலை செய்தது, ஐகோர்ட்டு தண்டித்தது. சுப்ரீம் கோர்ட்டு 2010 ஜனவரியில் தற்காப்புதான் என்று விடுதலை செய்தது. ஜெயித்தார், ஆனால் 19 வருடம் போய்விட்டது.

யார் மேல் பாய்ந்தது குண்டு?

தமிழ்நாட்டில் பெரிதாக பேசப்பட்ட சம்பவங்களை எடுத்துப் பாருங்கள். 1967 ஜனவரி 12-ந்தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை சுட்ட எம்.ஆர்.ராதா திருடன் இல்லை, கூட நடித்தவர், பேச வந்தவர். 2011 ஜூலையில் சென்னை தீவுத்திடல் பக்கம் ராணுவ குடியிருப்பில் பாதாம் கொட்டை பறிக்க சுவர் ஏறிய 13 வயது சிறுவன் சுடப்பட்டு செத்தான். சுட்டவர் ஓய்வு பெற்ற லெப்டினன்ட் கர்னல். 2012-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. துப்பாக்கி பழகாதவர் என்று அவரை சொல்ல முடியுமா?

2020 ஜூலையில் திருப்போரூர் அருகே நிலத்தகராறில் துப்பாக்கி வெடித்து, அப்போதைய தி.மு.க. எம்.எல்.ஏ. இதயவர்மன் கைதாகி பிறகு ஜாமீனில் வந்தார். அதே வருடம் நவம்பரில் சென்னை யானைகவுனியில் ஒரே குடும்பத்தில் 3 பேர் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டனர். குடும்பத் தகராறு, மருமகள் தரப்பு என்றது போலீஸ். துப்பாக்கியை கொடுத்ததாக ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவரும் கைதானார்.

இந்த நாலிலும் கொள்ளைக்காரன் யாரும் இல்லை. கோபம்தான் இருந்தது.

வெளிமாநில லைசென்சு, கள்ளத்துப்பாக்கி

"காசு கொடுத்தா காஷ்மீர் லைசென்சு வாங்கித் தர்றேன்" என்று சொல்கிற புரோக்கர்களை நம்பாதீர்கள். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2 லட்சத்து 78 ஆயிரம் லைசென்சு முறைகேடாக கொடுக்கப்பட்டதாக சி.பி.ஐ. விசாரணை நடந்து, அதிகாரிகள் வீடுகளிலேயே சோதனை நடந்தது.

லைசென்சு இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தப்படி குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் ஜெயில். தயாரித்தால், விற்றால் குறைந்தது 7 வருடம், ஆயுள் வரை போகும். லைசென்சு உள்ள துப்பாக்கியாக இருந்தாலும் கல்யாணம், கோவில் விழாவில் சந்தோஷத்துக்கு வானத்தில் சுட்டு யாருக்காவது ஆபத்து ஏற்படுத்தினால் 2 வருடம் வரை ஜெயில் அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க சொல்வார்கள். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், தேர்தல் முடிந்து திருப்பித் தருவார்கள்.

வேறு என்ன செய்யலாம்?

ஆபத்து என்றால் 100 அல்லது 112-க்கு போன் போடுங்கள். தமிழக போலீசின் "காவல் உதவி" செயலி 2022-ல் இருந்து இருக்கிறது. குடும்பத்தோடு வெளியூர் போகும்போது ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தால் ரோந்து போலீசார் பூட்டிய வீட்டை பார்த்துக்கொள்வார்கள். தெருவுக்கு வெளிச்சம், கதவுக்கு இரும்பு கிரில், ஒரு கேமரா, ஒரு நாய். இதற்கெல்லாம் கலெக்டர் ஆபீசுக்கு அலைய வேண்டியதில்லை.

தாத்தா துப்பாக்கி இருக்கா?

விவசாயம் இருந்த காலத்தில் காட்டுப்பன்றி விரட்ட வாங்கிய துப்பாக்கி பரணில் கிடக்கும் வீடுகள் உண்டு. நிலத்தை கம்பெனிக்கு கொடுத்தாயிற்று, தாத்தாவும் போய்விட்டார், துப்பாக்கி மட்டும் இருக்கும். லைசென்சுக்காரர் இறந்துவிட்டால் அது தானாக பிள்ளைகளுக்கு வந்துவிடாது. தாமதம் செய்யாமல் ஸ்டேஷனிலோ லைசென்சு உள்ள துப்பாக்கி கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். வாரிசு வைத்துக்கொள்ள விரும்பினால் தன் பெயருக்கு லைசென்சு கேட்டு மனு போடலாம், கிடைத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். 70 வயது தாண்டியவரோ, 25 வருடமாக லைசென்சு வைத்திருப்பவரோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற மனு கொடுக்கலாம். ஒப்படைக்கும்போது துப்பாக்கி எண், குண்டு எண்ணிக்கை இரண்டையும் எழுதி, கையெழுத்து போட்ட ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீர்கள்.