அழித்த பின்னும் அழியாத எழுத்து

நூலகத்தில் ஒரு நூலின் அட்டவணைச் சீட்டைக் கிழித்துவிட்டால் நூலே மறைந்துவிடுமா? அலமாரியில் அது இருந்த இடத்திலேயேதான் இருக்கும். பிளாப்பித் தட்டில் ஒரு கோப்பை அழிக்கும்போதும் நடப்பது இதுவே. இதை அறியாத ஒரு கொலைகாரன் 31 ஆண்டுகளுக்குப் பின் அகப்பட்ட கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 1974 முதல் 1991 வரை பத்துப்பேர் கொலையுண்டனர்; அவர்களுள் இருவர் சிறுவர். கொலையாளி பத்திரிகைகளுக்கும் காவல்துறைக்கும் கடிதம் எழுதிச் சீண்டுவான். நெடுங்காலம் அடங்கியிருந்தவன் 2004-இல் மீண்டும் எழுதத் தொடங்கினான். பிளாப்பித் தட்டில் செய்தி அனுப்பினால் தன்னைக் கண்டுபிடிக்க முடியுமா என்று காவல்துறையிடமே கேட்டான்! அச்சமில்லை என்று செய்தித்தாள் விளம்பரம் வழியே பதில் போயிற்று. 2005 பிப்ரவரியில் தட்டு ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தது.

பிளாப்பித் தட்டு என்பது காந்தப் பொருள் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் வட்டம். எழுதும் முனை அதன் நுண்பகுதிகளை இத்திசையிலோ எதிர்த்திசையிலோ காந்தமாக்குகிறது. பரவலாக வழங்கிய மூன்றரை அங்குலத் தட்டில் பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 பிரிவுகள், பிரிவுக்கு 512 பைட்டுகள். எந்தக் கோப்பு எந்தப் பிரிவில் உள்ளது என்னும் பட்டியல் தொடக்கத் தடத்தில் இருக்கும். 'அழி' என்றால் கணிப்பொறி அப்பட்டியலில் கோப்புப் பெயரின் முதல் எழுத்தை மாற்றி, 'இடம் காலி' என்று குறித்துக்கொள்ளும். அவ்வளவே! அங்கே வேறொன்று எழுதப்படும்வரை காந்தத் திசைகள் மாறுவதில்லை.

விச்சிட்டாவுக்கு வந்த தட்டிலும் அழிக்கப்பட்ட வேர்டு கோப்பு ஒன்று கிடந்தது. எழுதியவன் கவனிக்காத இரு குறிப்புகள் அதனுள் இருந்தன: ஒரு லூத்தரன் தேவாலயத்தின் பெயர், கடைசியாகத் திருத்தியவர் 'டென்னிஸ்'. இணையத்தில் தேடியபோது, அத்தேவாலய நிர்வாகக் குழுவின் தலைவர் டென்னிஸ் ரேடர் என்று தெரியவந்தது.

இதுவே போதுமா? போதாது. கணிப்பொறியில் எந்தப் பெயரையும் யாரும் பதியலாம் அல்லவா? ஆகவே அவனுடைய மகளின் மருத்துவ மாதிரியிலிருந்து டி.என்.ஏ. பெற்று, கொலை நடந்த இடத்துத் தடயத்துடன் ஒப்பிட்டார்கள். உறவு உறுதியாயிற்று. பிப்ரவரி 25-இல் கைதானவன், ஏன் பொய் சொன்னீர்கள் என்று அதிகாரியிடமே குறைபட்டுக்கொண்டான்! ஜூனில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஆகஸ்டில் பத்து ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன.

இன்றைய மின்சில்லு நினைவகங்களிலோ நிலைமை வேறு. காலியென்று குறித்த இடங்களை அவற்றுட் பல தாமே துடைத்துவிடுகின்றன. அதனால் இப்போது தடய அறிஞர் அழித்த கோப்பு மட்டுமே கதியென்று இராமல், வேறெங்கேனும் அதன் படி தங்கியிருக்கிறதா என்றும் தேடுகிறார்.