ஒரு கப்பலும் ஒரு கடிதமும்

துருக்கியும் அமெரிக்காவும் நண்பர்களா, இல்லையா என்று செய்தி கேட்கும்போதெல்லாம் நாம் பேசிக்கொள்கிறோம். வரலாறு சொல்வதைப் பார்ப்போம்.

1830இல் உதுமானியப் பேரரசு அமெரிக்காவுடன் வணிக உடன்படிக்கை செய்தது. முதல் உலகப் போரில், 1917இல், உறவு முறிந்தது. ஆயினும் ஒருவர்மீது ஒருவர் போர் அறிவிக்கவில்லை. 1927இல் துருக்கிக் குடியரசுடன் தூதரக உறவு மீண்டும் மலர்ந்தது.

1944இல் வாஷிங்டனில் காலமான துருக்கித் தூதர் முனிர் எர்தெகுனின் நல்லுடலை, 1946 ஏப்ரலில் மிசூரி போர்க்கப்பல் இஸ்தான்புல் கொண்டுவந்து சேர்த்தது. மறைந்தவருக்கு அது மரியாதை. துருக்கியின் நீரிணைகளில் உரிமை கேட்டுவந்த சோவியத் யூனியனுக்கு எச்சரிக்கை. 1952இல் துருக்கி நேட்டோவில் சேர்ந்தது.

1964இல் சைப்ரஸ் துருக்கியரைக் காக்கப் படை அனுப்ப முனைந்தார் பிரதமர் இஸ்மத் இனோனு. அமெரிக்கா தந்த ஆயுதங்களை அதற்குப் பயன்படுத்தக் கூடாதென்று அதிபர் ஜான்சன் கடுமையாகக் கடிதம் எழுதினார். 1974இல் துருக்கி படையிறக்கியது, மறு ஆண்டு அமெரிக்கா ஆயுதத் தடை விதித்தது, 1978இல் நீக்கியது. 2003இல், ஈராக் போருக்காக அமெரிக்கப் படையை அனுமதிக்கும் தீர்மானம் துருக்கி நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை.

கப்பலை மட்டும் பார்த்தால் நட்பென்போம். கடிதத்தை மட்டும் படித்தால் பகையென்போம். நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்வோம்.