பில்லில் போட்ட விலை

தருமபுரி நான்கு ரோடு அருகே உள்ள பட்டுக்கூடு ஏல அங்காடியில், கூட்டிலிருந்து நூல் எடுக்கும் ரீலர்கள் கூட்டைக் கையில் அள்ளி, அமுக்கி, காதோரம் குலுக்கிப் பார்த்த பிறகுதான் விலை கேட்பார்கள். ஒரே நாளில் பென்னாகரத்துக் கூட்டுக்கு ஒரு விலை, பாலக்கோட்டுக் கூட்டுக்கு வேறு விலை. சரக்கைத் தொட்டுப் பார்த்தே இப்படி என்றால், துறைமுகத்துச் சுங்க அதிகாரியின் பாட்டைக் கேட்க வேண்டாம். அவர் கையில் இருப்பது இறக்குமதியாளர் நீட்டும் பில். சீனக் கச்சாப் பட்டின் விலையை அதில் குறைத்துப் போட்டிருந்தால் வரியும் குறையும். அந்த நூலோடு போட்டி போடும் ரீலர் இங்கே கூட்டுக்குக் கேட்கும் விலையும் இறங்கும்.

பில்லை நம்பித்தான் வரி போட வேண்டும் என்ற விதி, பணக்கார நாடுகளின் பங்காளிச் சண்டையில் பிறந்தது. 1922-இல் அமெரிக்கா தன் சாயத் தொழிலைக் காக்க ஒரு தந்திரம் செய்தது. வெளிநாட்டுச் சாயத்தை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று பார்க்காமல், அதே மாதிரிச் சாயத்தை அமெரிக்கக் கம்பெனி என்ன விலைக்கு விற்கிறது என்று பார்த்து அதன்மேல் வரி போட்டது. 1947-இல் காட் என்ற உலக வர்த்தக ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவு கற்பனை விலை கூடாது என்றது. தன் சாயச் சட்டம் அந்த ஒப்பந்தத்துக்கு முந்தையது என்று அமெரிக்கா நழுவிக்கொண்டது. ஐரோப்பிய நாடுகள் 1950-இல் பிரசெல்ஸில் வேறு வழி கண்டன: திறந்த சந்தையில் இந்தச் சரக்கு என்ன விலைக்குப் போகுமோ, அந்த உத்தேச விலை. நம் 1962 சுங்கச் சட்டத்தின் 14-ஆவது பிரிவும் கிட்டத்தட்ட அப்படித்தான் யோசித்தது.

காட் நாடுகளின் டோக்கியோ சுற்று வர்த்தகப் பேச்சு 1979-இல் முடிந்தபோது, உண்மையில் கொடுத்த விலையே விலை என்றானது. வளரும் நாடுகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவற்றின் கஜானாவுக்குச் சுங்கம்தான் பெரிய வரவு. பில்லைச் சரிபார்க்க விலைத் தகவலோ பிறநாட்டுச் சுங்கத் துறையின் ஒத்துழைப்போ கிடையாது. கடைசியில் அந்த விதியை அமலாக்க அவற்றுக்கு 5 வருட அவகாசம் கிடைத்தது. இந்தியாவில் புதிய விதிகள் 1988 ஆகஸ்ட் 16-இல்தான் அமலுக்கு வந்தன.

அவகாசத்தால் பொய் பில் உண்மையாகிவிடாது. ஆகவே 1994-இல், அடுத்த சுற்றுப் பேச்சு முடிந்த மராகேஷில், வளரும் நாடுகள் இன்னொரு முடிவையும் வாங்கின: சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் அதிகாரி விளக்கம் கேட்கலாம், பதில் திருப்தி தராவிட்டால் பில் விலையை ஒதுக்கலாம். நம் ஊரில் அது 1998-இல் 10ஏ விதியாக வந்தது. 2007 முதல் 12-ஆவது விதி.

சந்தேகத்துக்கும் எல்லை உண்டு. ஐஷர் டிராக்டர்ஸ் நிறுவனம் பழைய ஸ்டாக் பேரிங்குகளை 77 சதவீதத் தள்ளுபடியில் வாங்கியிருந்தது. அதிகாரிகள் விலைப்பட்டியலைக் காட்டி அதை ஏற்க மறுத்தார்கள். பட்டியல் மட்டும் போதாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரியான தீர்ப்புதான். தேங்கிய சரக்கைத் தள்ளிவிடுவது எந்தக் கடையிலும் நடப்பதே. ஆனால் அதே வாதத்தைப் பொய் பில்காரரும் பேசுவார். இருவரையும் பிரித்தறிய அதிகாரிக்கு அதே சரக்கு, அதே காலம், அதே அளவில் வந்த வேறு இறக்குமதி வேண்டும். பட்டிலோ தரத்துக்குத் தரம் விலை மாறுகிறது.

2003-இல் சீனப் பட்டை மலிவாகக் கொண்டுவந்து கொட்டுவதற்கு எதிராகப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி வந்தபோது இந்தத் தொல்லையைச் சுற்றிப் போகப் பார்த்தார்கள். 2ஏ மற்றும் அதற்குக் கீழான தரத்துக்கு ஒரு டாலர் விலையை வரம்பாக வைத்து, வந்து இறங்கும் விலை அதற்குக் கீழே இருந்தால் வித்தியாசத்தைக் கட்டு என்றார்கள். கணக்கு சுலபம். ஆனால் பில்லில் விலையை வரம்புவரை ஏற்றிப் போட்டால் கட்ட வேண்டிய வித்தியாசம் காணாமல் போகும். அதுவரை குறைத்துக் காட்டுபவரைத் தேடிய அதிகாரி, இனி கூட்டிக் காட்டுபவரையும் தேட வேண்டியதாயிற்று.