பெயர் ஒன்று, பிறப்பிடம் வேறு

கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே விளையும் தேயிலை உலகின் பல நாடுகளிலே பல பெயர்களைத் தாங்கி விற்பனையாகின்றது. கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டிலே, 19 ஏக்கர் நிலத்தில், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். ஆயினும், 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் என்னும் வணிகரின் பெயரே பெட்டிகளின் மேல் ஏறி உலகெங்கும் சென்றது. நட்டவரின் பெயரோ, கூடை சுமந்து கொழுந்து பறித்தவரின் பெயரோ அப்பெட்டிகளில் இருந்ததில்லை. விற்றவர் பெயர் வெளியே நிற்க, செய்தவர் பெயர் உள்ளே மறைவது வணிகத்தின் பழைய வழக்கம். இலேசான மோட்டார் சைக்கிள்களின் வரலாற்றிலும் அவ்வழக்கத்தைத் தெளிவாகக் காணலாம்.

மலைநாட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள உறவு நெருங்கியது. எட்வேர்ட் பார்ன்ஸ் தேசாதிபதியாயிருந்த காலத்திலே கப்டன் டோசன் மேற்பார்வையில் அமைந்த கொழும்பு–கண்டிப் பாதை, கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து மேலேறியது. கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 அடி உயரத்தில் உள்ளது. அதற்கப்பால், பெரிய வாகனங்கள் திரும்பவும் இடமில்லாத தோட்டத்துப் பாதைகள் பல. அப்பாதைகளிலே சின்னத்துரைமார் மோட்டார் சைக்கிளில் ஏறி மலைக்கு மலை வேலை பார்க்கச் சென்றதைத் தோட்ட மக்கள் நன்கறிவர். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இங்கு வந்த வண்டிகளிற் பெரும்பாலானவை பிரித்தானியப் பெயர்களைத் தாங்கியே வந்தன.

ஆனால், அதே பேரரசின் மற்றொரு மூலையான அவுஸ்திரேலியாவிலே நிலைமை சற்று வேறுபட்டிருந்தது. அங்கே துவிச்சக்கர வண்டி விற்று வளர்ந்த வணிக நிலையங்கள் பல, மோட்டார் சைக்கிளுக்கும் தத்தம் சொந்தப் பெயரையே சூட்டின. சிட்னி நகரத்து வில்லியம்ஸ் சகோதரரின் வணிக நிலையம் 'வரட்டா' என்ற பெயரில் வண்டிகளை விற்றது. வரட்டா என்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துச் செந்நிறப் பூ. மெல்பேர்ண் நகரின் மால்வேர்ன் என்னும் பகுதியில் ஒரு சைக்கிள் கடையின் பெயராகத் தோன்றிய 'மால்வேர்ன் ஸ்டார்', பின்னர் எஞ்சின் பூட்டிய சைக்கிளுக்கும் பெயராயிற்று. இப்பெயர்களைக் கேட்பவர், அவ்வண்டிகள் அவுஸ்திரேலிய மண்ணிலேயே பிறந்தவை என்று எண்ணுவது இயல்பு.

பெற்றோல் தாங்கியின் மேலுள்ள பூவை விட்டுக் கீழே எஞ்சினைப் பார்த்தால் வேறொரு பெயர் தென்படும். அது 'வில்லியர்ஸ்' என்பதாகும். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில், 1898ஆம் ஆண்டு, சைக்கிள் உறுப்புகள் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட அத்தொழிற்சாலை, 1913இல் 269 கன சென்றிமீற்றர் கொள்ளளவுள்ள ஈரடி எஞ்சின் ஒன்றை வெளியிட்டது. ஈரடி எஞ்சினிலே வால்வுகள் இல்லை. அசையும் உறுப்புகளும் சில. ஆகவே அது விலை குறைந்தது. பழுது பார்ப்பதற்கும் எளியது. எஞ்சின் செய்ய வசதியற்ற சிறு நிலையங்கள் பல வில்லியர்ஸ் எஞ்சினை வாங்கித் தம் சட்டகத்திலே பூட்டித் தம் பெயரைப் பொறித்தன. 1956இல் அத்தொழிற்சாலை தன் இருபது இலட்சமாவது எஞ்சினைச் செய்து முடித்தது என்றால், எத்தனை பெயர்களின் கீழ் அந்த ஒரே இதயம் துடித்திருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

வரட்டாவின் நிலை இதனினும் ஒரு படி மேற்பட்டது. வெவ்வேறு காலங்களில் எக்செல்சியர், நோர்மன் ஆகிய ஆங்கிலத் தொழிற்சாலைகள் செய்த முழு வண்டிகளே கப்பலேறிச் சிட்னியில் இறங்கி, வரட்டா என்னும் பெயர் பெற்றன. ஆகவே, இன்று கிடைக்கும் ஒரு பழைய வரட்டாவின் பிறப்பை அறிய விரும்புவோர் பெயரைக் கொண்டு முடிவு செய்வதில்லை. எஞ்சினில் வெட்டப்பட்ட இலக்கத்தை முதலிற் பார்ப்பர். வில்லியர்ஸ் இலக்கத்தின் முன்னே வரும் குறியீடு எஞ்சினின் வகையை உணர்த்தும். பல வேளைகளில் அது எந்தத் தொழிற்சாலையின் தேவைக்காகச் செய்யப்பட்டது என்பதையும் உணர்த்தும். பின்பு சட்டகத்தின் குழாய்கள் இணையும் விதத்தையும், முன்சில்லைத் தாங்கும் கவையின் வடிவத்தையும் ஒப்பிடுவர். பூச்சு மாறும், இரும்பின் இணைப்பு எளிதில் மாறுவதில்லை.

இவ்வாறு ஆராயும்போது உள்ளூர் உழைப்பு வெளிப்படும் இடங்களும் உண்டு. அடிலெய்ட் நகரத்து றெக்ஸ் டில்புறூக் 1950களின் தொடக்கத்திலே தம் பெயரில் வெளியிட்ட இலேசான வண்டிகளின் எஞ்சின் வில்லியர்ஸ் எனினும், சட்டகம் முதலியன அவருடைய பட்டறையிலேயே வடிவு பெற்றன. பெயர்ப்பலகை மட்டும் மாற்றியவரையும் கைவருந்திச் செய்தவரையும் ஒரே தட்டில் வைக்காமலிருப்பதே இவ்வாராய்ச்சியின் முதற் பயன்.

இரண்டாவது பயன் இன்னும் ஆழமானது. ஜேர்மனியின் ஷொப்பவ் என்னும் சிற்றூரில், டென்மார்க் நாட்டவரான றஸ்முசன் நிறுவிய டி.கே.டபிள்யூ. தொழிற்சாலை, ஈரடி எஞ்சினைச் செம்மைப்படுத்திச் சிறந்த இலேசான வண்டிகளைச் செய்தது. அவற்றை ஒல்லாந்திலே விற்ற முகவர், றொட்டர்டாம் நகரத்து ஸ்டொக்விஸ் நிறுவனத்தார். அந்நிறுவனத்தின் பணிப்பாளர்கள் யூதர் என்ற காரணத்தினால், நாசி ஆட்சிக் காலத்திலே அவர்களுடைய முகவர் உரிமை பறிக்கப்பட்டது. அவர்கள் சோர்ந்து விடவில்லை. அதே வகை வண்டி ஒன்றைத் தமக்குச் செய்து தருமாறு இங்கிலாந்தின் றெடிச் நகரத்து றோயல் என்பீல்ட் தொழிற்சாலையை வேண்டினர். டி.கே.டபிள்யூ.வின் 98 கன சென்றிமீற்றர் வண்டியை முன்மாதிரியாகக் கொண்டு 125 கன சென்றிமீற்றர் வண்டி ஒன்று உருவாகி, 1939இல் றொட்டர்டாமில் காட்சிக்கு வந்தது.

மறு ஆண்டே ஒல்லாந்து ஜேர்மானியப் படைகளின் கீழ் வீழ்ந்தது. வண்டியை வேண்டியவர்களுக்கு அது பயன்படவில்லை. பிரித்தானிய இராணுவத்துக்கே பயன்பட்டது. விமானத்திலிருந்து குடையுடன் இறக்கத்தக்க அளவு இலேசாயிருந்தமையால் அதற்குப் 'பறக்கும் தெள்ளு' என்ற பட்டப் பெயர் வழங்கிற்று. 1944இல் நோர்மண்டியிலும் ஆர்ன்ஹெமிலும் வான்படையினருடன் அது இறங்கியது. ஜேர்மானியர் வகுத்த வடிவம், ஜேர்மானியரை எதிர்க்கும் போரிலே ஆங்கிலப் பெயருடன் சென்றது.

டி.கே.டபிள்யூ. 1939இல் வெளியிட்ட ஆர்.டி. 125 என்னும் வண்டியின் கதையும் இத்தகையதே. போரில் ஜேர்மனி தோற்றபின் அதன் வடிவமைப்பு, வென்ற நாடுகளுக்கு நட்டஈடு போலக் கிடைத்தது. சோவியத் நாட்டில் அது 1946இல் 'மொஸ்க்வா' ஆயிற்று. இங்கிலாந்தில் 1948இல், எஞ்சின் கண்ணாடியிற் கண்ட உருவம்போல் இடம் வலம் மாற்றப்பட்டு, பீ.எஸ்.ஏ. 'பாண்டம்' ஆயிற்று. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் பெயரைப் பெற்றது. யப்பானில் யமஹா 1955இல் வெளியிட்ட முதலாவது மோட்டார் சைக்கிளும் அவ்வடிவத்தைத் தழுவியதே. ஆனால், அதனை வடிவமைத்த பொறியியலாளரான ஹேர்மன் வேபர் போரின் பின் சோவியத் நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு 1948இல் அங்கேயே இறந்தார். அவருடைய வண்டியில் உலகின் பல பகுதிகளிலும் இலட்சக்கணக்கானோர் ஏறிச் சென்றனர். எந்த வண்டியின் தாங்கியிலும் அவர் பெயர் இல்லை.

இக்கதையின் ஒரு கிளை தமிழ்நாட்டுக்கும் வருகின்றது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் றெடிச் நகரத்து என்பீல்டும் இணைந்து என்பீல்ட் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் முதலில் உறுப்புகளைப் பொருத்தும் வேலை நடந்தது. பின்பு உறுப்புகளே அங்கு செய்யப்பட்டன. 1960களில் அங்கு 'ஷெர்பா' என்ற இலேசான வண்டியும் தயாராயிற்று. அதன் நிறுவனப் பெயர் ஆங்கிலேயருடையது. வண்டிப் பெயர் இமயமலை மக்களுடையது. 173 கன சென்றிமீற்றர் எஞ்சின் வில்லியர்ஸ் வழிவந்தது. பொருத்திய கைகளோ திருவொற்றியூர்த் தொழிலாளருடையவை. றெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. தாய் வீடு இல்லாத பெயரைத் தமிழ்நாட்டுத் தொழிலாளரே வாழவைத்தனர். வரட்டாவில் உள்ளூர்ப் பெயர் வெளியூர் உழைப்பை மறைத்தது. இங்கே வெளியூர்ப் பெயர் உள்ளூர் உழைப்பை மறைத்தது.

இலங்கையில் 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977க்குப் பின் கட்டுப்பாடு தளர்ந்ததும் யப்பானிய வண்டிகள் பெருகின. இடைப்பட்ட காலத்தில், பழைய வண்டிகளை ஓடச்செய்யும் பொறுப்புப் பட்டறைக்காரரின் கைத்திறனையே சார்ந்திருந்தது. ஒரு வண்டியின் சில்லு மற்றொன்றுக்கும், ஒன்றின் தாங்கி வேறொன்றுக்கும் மாறுவது அக்காலத்தின் தேவை. ஆகையால், மலைநாட்டுக் கொட்டில் ஒன்றிலே துருப்பிடித்துக் கிடக்கும் வண்டியின் தாங்கிப் பெயரை மட்டும் நம்பி அதன் வரலாற்றை எழுதிவிடலாகாது. பழைய இரும்பென நிறைக்கு விற்கும் முன், எஞ்சின் இலக்கத்தையும் சட்டக இலக்கத்தையும் துடைத்துப் பார்த்துக் குறித்து வைப்பது நல்லது. புதுப்பூச்சுக்காக அவ்விலக்கங்களைத் தேய்த்து விடுதல், ஒருவனுடைய பிறப்புச் சான்றிதழைக் கிழித்து எறிவதை ஒக்கும்.

விற்றவருக்கும் பெருமை இல்லாமலில்லை. அவர் பெயரை நம்பியே மக்கள் பொருளை வாங்கினர். பழுது வந்தபோது அவர் வாசலையே நாடினர். ஆயினும், விற்றவரின் பெயரோடு வரலாறு நின்றுவிடுமாயின், உரிமை இழந்த முகவரும், அந்நிய நாட்டில் மாண்ட பொறியியலாளரும், திருவொற்றியூர்த் தொழிலாளரும் மறக்கப்படுவர். தேயிலைப் பெட்டியில் தம் பெயரைக் காணாத மக்கள் வாழும் கண்டி மலைகளிலே, இவ்வுண்மையை விளக்க நீண்ட உரை வேண்டியதில்லை.