எண்ணெய்க் கிணற்றுப் பம்பின் வாய்

எண்ணெய்க் கிணறு என்றால் தரைக்கு மேலே தலையாட்டிக்கொண்டு நிற்கும் பம்ப்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் மோட்டாரோடு சேர்ந்து மூழ்கிக் கிடக்கும் மின் பம்ப் யார் கண்ணிலும் படாது. நான் இத்தனை வருஷம் சோறு தின்றது அதை வைத்துத்தான். அதனால் மலருக்குக் கட்டுரை கேட்டபோது வேறு தலைப்புத் தேடவில்லை.

இதை உருவாக்கியவர் அர்மாய்ஸ் அருட்டுனாஃப். 1893-இல் டிஃப்லிஸில் பிறந்த ஆர்மீனியர். 1911-இல் ரஷ்யாவில் கம்பெனி தொடங்கினார். அதன் பெயரின் முதலெழுத்துகள்தான் 'ரெடா'. புரட்சிக்குப் பின் பெர்லின் போய், 1923-இல் அமெரிக்கா சேர்ந்தார். முதலில் பணம் போட ஆளில்லை. கடைசியில் பிலிப்ஸ் பெட்ரோலியம் கை கொடுக்க, கான்சஸ் மாநிலத்து எல் டொராடோ வயலில் பம்ப் கிணற்றில் இறங்கியது. 1930-இல் ரெடா பம்ப் கம்பெனி பிறந்தது.

மோட்டாரின் புகழைப் பலரும் பாடிவிட்டார்கள். எனக்கென்னவோ நிஜமான போராட்டம் நடந்தது இன்டேக்கில்தான். அடியில் மோட்டார், அதன்மேல் சீல், அடுத்து துளைகள் போட்ட இன்டேக், உச்சியில் பம்ப். நம் கோயம்புத்தூர் போர்வெல் பம்பிலும் மோட்டார் கீழே, பம்ப் மேலேதான். ஆனால் அங்கே வருவது தண்ணீர். இங்கே எண்ணெயோடு வாயுவும் வருகிறது. கோலி சோடாவைத் திறந்தது மாதிரி, அழுத்தம் குறைந்ததும் கரைந்திருந்த வாயு குமிழியாகப் பிரியும். இம்பெல்லர் கனமான திரவத்தை வெளியே வீசும். லேசான வாயு நடுவிலேயே தங்கி வாயை அடைத்துவிடும். இதுதான் 'கேஸ் லாக்'. பம்ப் சுற்றும், எண்ணெய் ஏறாது. மோட்டாரைக் குளிர்விப்பதே அதை உரசிப் போகும் திரவம்தான். அது நின்றால் மோட்டார் கருகிப்போகும். வெளியே எடுக்க ரிக் வரவேண்டும். அதுவரை கிணறு சும்மா கிடக்கும்.

முதல் வைத்தியம் எளிது: உள்ளே நுழைந்த கலவையைக் கீழ்நோக்கித் திருப்பி, அதன்பிறகே பம்புக்குள் விடுவது. திரவம் திரும்பும், பெரிய குமிழிகள் திரும்பாமல் கேசிங் ஓரமாக மேலே போய்விடும். வாயு அதிகமானால் இது போதாது. எனவே சுழல் பிரிப்பான் வந்தது. தயிர் கடைகிற மாதிரி அல்ல, பால் பண்ணையில் க்ரீம் பிரிக்கிற மாதிரி: திரவம் ஓரத்துக்கு, வாயு நடுவுக்கு; நடுவில் சேர்ந்ததை வெளியே தள்ளிவிடும். ஆனால் மணல் வந்தால் இதே சுழற்சி அரம் ஆகிவிடும். நான் இருந்த ஒரு வயலில் மணல் பிரிப்பானின் கூட்டைச் சுற்றிலும் அறுத்து, கீழ்ப்பாதி மோட்டாரோடு கிணற்றுக்குள் விழுந்துபோச்சு.

பிற்பாடு யோசனையே மாறியது. வாயுவைத் துரத்தாமல், திரவத்தோடு கலக்கி அழுத்தி ஏற்றும் திருகு வடிவ இம்பெல்லர்கள் வந்தன. இன்றைய கிடைமட்டக் கிணறுகளில் வாயு மொத்தமாகத் திரண்டு வரும்போது, கரண்ட் இறங்குவதைப் பார்த்துக் கன்ட்ரோலரே வேகத்தைக் குறைக்கிறது. மேலே நிற்கும் எண்ணெய் பம்புக்குள் இறங்கி வாயுவைக் கழுவிவிடும். பிறகு வேகம் ஏறும். எங்கள் காலத்தில் பம்பை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருப்போம்.